சபையில் சொல்லக்கூடாத சொல்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வேலுத்தாய் விஷயத்தில் அது தலைகீழாகப் போயிற்று. அவளுக்கு வாய் இருந்ததுதான் வினை. அந்த வாயால் ஒரு நாள் மத்தியானம் அவள் சொன்ன ஒரு சொல், கழுத்தில் கிடந்த தாலியை இறக்கி வைத்துவிட்டது.

ராசிங்காபுரத்தில் பிறந்தவள். தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் உக்கிரபாண்டி, போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினான். நல்ல டிரைவர். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். எழுபத்து நான்காம் வருஷம் ஜீப்பு முதலாளியோடு ஏதோ வாய்த்தகராறு. சாவியை அவர் மேசையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன், படுத்தவன்தான். ஒரு மாதம் போயிற்று. அவன் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

அந்த ஒரு மாதமும் இரண்டு வயதுப் பொன்னுமணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலுத்தாய்தான் களையெடுக்கப் போனாள். அன்றைக்கும் போய்விட்டு, உச்சி வெயிலில் ஓடி வந்து, அவசர அவசரமாகச் சோறு பொங்கிப் புருஷன் முன்னால் வைத்தாள்.

உக்கிரபாண்டி தட்டைப் பார்த்தான். "என்ன, வெறுஞ்சோத்தைக் கொண்டாந்து வைக்கிறே? தொட்டுக்கிற ஒரு துண்டு கருவாடு இல்லையா?"

வெயில் பேசியதோ, பசி பேசியதோ. வேலுத்தாயின் வாய் பேசிவிட்டது.

"தண்டச்சோத்துக்குக் கருவாடு ஒண்ணுதான் கொறச்சல்."

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. அந்த ஊரில் ஒருவனைக் குடிகாரன் என்றால் சிரித்துக்கொண்டே போவான். கடன்காரன் என்றால் நாளைக்குத் தருகிறேன் என்பான். உழைக்காமல் ஓசியில் தின்கிறவன் என்று சொல்லிவிட்டால், தட்டை விட்டு எழுந்துவிடுவான். அப்புறம் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். உக்கிரபாண்டியும் எழுந்துவிட்டான். அதைவிடப் பெரிய கேடு, அந்தச் சொல் விழுந்த நேரத்தில் வாசலில் அவனுடைய அக்கா வீரலட்சுமி நின்றிருந்தாள்.

வீரலட்சுமி தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். சின்ன வயதில் தாலி அறுத்து, புருஷன் விட்டுப்போன தோட்டத்தைத் தனியாளாக நின்று விளைய வைத்தவள். அவளை ஏசினால் பொறுத்துக்கொள்வாள். தம்பியை ஏசினால் சாமி வந்த மாதிரி ஆகிவிடுவாள்.

"என் தம்பியவாடி தண்டச்சோறுங்குறே?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. மறுநாள் ஊர் கூடிவிட்டது.

ஊர்ப் பெரியவர் காசிமாயன் நியாயமான மனுஷர். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போ ஆத்தா, முடிஞ்சுபோச்சு" என்றார்.

வேலுத்தாய் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு அவரு சோலிக்குப் போகட்டும் பெரியய்யா. சொன்ன வாயை நானே கழுவிக்கிறேன்."

சபை சலசலத்தது. உழைக்கிற ஆண்பிள்ளையைச் சொல்லக்கூடாத சொல் சொன்னாள், சபையிலும் எதிர்த்துப் பேசுகிறாள், குற்றம் அவள் மேல்தான் என்று ஆயிற்று. அங்கே வழக்கப்படி, கட்டினவர்களைப் பிரித்து வைக்கப் பெரியவர் ஒரு துரும்பைக் கிள்ளி, ஊர் பார்க்கப் புருஷன் கையில் கொடுப்பார். அதை அவன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டால் உறவு அறுந்தது. அப்புறம் ஒருவர் கையால் இன்னொருவர் சோறு தண்ணி புழங்கக்கூடாது. காசிமாயன் வைக்கோல் துரும்பு ஒன்றைக் கிள்ளினார். உக்கிரபாண்டி அதை வாங்கி அவள் பக்கம் நீட்டினான். வேலுத்தாய் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு துரும்பு இவ்வளவு கனம் கனக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

பொட்டப்பிள்ளை ஆத்தாளோடு போகட்டும் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. வேலுத்தாயும் கேட்கவில்லை. ஒரு சொல் சொல்லிக் குடி கெட்டது போதும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

போடிக்கு வந்தாள். ஏலக்காய்க் கோடவுனில் காய் பொறுக்கும் வேலை கிடைத்தது. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய காயில் காம்பு கிள்ளி, கறுத்தது, வெடித்தது, உள்ளே விதையில்லாத பொக்கு எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். கை வேலை செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். வேலுத்தாயின் கை மட்டும் வேலை செய்தது. பக்கத்தில் உட்கார்ந்த குருவம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"ஏண்டி, உனக்குப் பேச்சு வருமா, இல்லை அந்த ஆண்டவன் பொக்குக் காய்னு உன் நாக்கை ஒதுக்கிப்புட்டானா?"

வேலுத்தாய் சிரித்தாள். அதற்கும் பதில் சொல்லவில்லை. கோடவுனில் அவளுக்கு ஊமைச்சி என்றே பேராகிப்போயிற்று.

அம்மா அடக்கிவைத்த பேச்சையெல்லாம் மகள் சேர்த்துப் பேசினாள். பொன்னுமணி பள்ளிக்கூடத்தில் வாத்தியாரையே மடக்குகிற வாய்க்காரி. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டு வந்து கேட்டாள்.

"யம்மா, மலைக்குப் போற ஜீப்புல ஒரு டிரைவரு. அவரு மூஞ்சியையும் என் மூஞ்சியையும் எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்குறாக. அவரு மட்டும் பாக்கலை. அவரு யாரு?"

வேலுத்தாய் அடுப்பை ஊதினாள். புகையில்லாத அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கினாள். பொன்னுமணி புத்திசாலி. அதற்கப்புறம் அதைக் கேட்கவில்லை.

ஆமாம், துரும்பு கொடுத்த மறுவாரமே உக்கிரபாண்டி வேறு முதலாளியிடம் ஜீப்புச் சாவி வாங்கிவிட்டான். குரங்கணி ஏற்றத்திலும் போடிமெட்டு வளைவுகளிலும் அவனைப் போல ஓட்ட ஆளில்லை என்று பேர் வாங்கினான். சம்பளம் அக்கா கைக்குப் போயிற்று. தான் பெற்ற பெண் அதே போடியில் கிழிந்த பாவாடையோடு பள்ளிக்கூடம் போவது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஆரனை அடித்துக்கொண்டு போவான்.

இப்படியே ஓடியிருக்கும். எண்பத்து மூன்றில் வானம் பொய்த்தது. மலை முழுக்க ஏலச்செடி வைக்கோலாய்க் காய்ந்து நின்றது. காய் இறங்கவில்லை. கோடவுனில் வாரத்துக்கு ஒரு நாள் வேலை, அப்புறம் அதுவும் இல்லை.

பொன்னுமணி ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அந்தச் சமயத்தில் கங்காணி ஒருவன் வந்து, மேலே தோட்டத்தில் மிச்சமிருக்கிற செடிக்குத் தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறோம், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றான்.

வேலுத்தாய் மகளிடம் சொன்னபோது அந்தப் பிள்ளை அழவில்லை. தன்னுடைய சிலேட்டைத் துடைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வந்து, "எப்ப ஜீப்புக்குப் போகணும்மா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் வாயும் மூடிக்கொண்டதை வேலுத்தாய் பார்த்தாள். நேரே குருவம்மாள் வீட்டுக்கு நடந்தாள்.

"மலைக்குப் போகலை நாங்க. எனக்கு ஒரு வழி சொல்லுக்கா."

குருவம்மாள் வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தீ, ஊமைச்சி பேசிட்டா." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சின்னமனூர்ல என் கொழுந்தியா மக ஒருத்தி இப்படித்தான். கோர்ட்டுல எழுதிப்போட்டு வாங்கியிருக்கா. துரும்பெல்லாம் ஊருக்குத்தான்டி. கோர்ட்டுக்குப் பிள்ளைன்னா பெத்தவன் சோறு போட்டே ஆகணும்."

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். "உனக்குக் கேக்கணுமாம்மா, பிள்ளைக்கு மட்டுமா?" என்று கேட்டார்.

"எனக்கு வேண்டாங்க. நான் துரும்பு வாங்கினவ. பிள்ளை வாங்கலை."

வக்கீல் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

கோர்ட்டு நோட்டீசு தேவாரம் போய்ச் சேர்ந்த அன்றைக்கு உக்கிரபாண்டி செய்ததைத்தான் இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள். முதலாளியிடம் போய் ஜீப்புச் சாவியை நீட்டினான்.

"ஓட்டுனாத்தான சம்பளம்? சம்பளம் இருந்தாத்தான கேப்பா? பிடிங்க சாவியை."

"அடப்பாவி, நல்ல டிரைவர்டா நீ" என்றார் முதலாளி.

"இனிமே டிரைவர் இல்லை. வெட்டிப்பய."

தேவாரத்துப் பாலத்துக் கட்டையில் வெள்ளைத் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். பார்க்கிறவர்களிடமெல்லாம் முதுகைப் பிடித்துக் காட்டினான். ஜீப்பு குலுக்கிக் குலுக்கித் தண்டுவடம் போய்விட்டதாம். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாதாம்.

வக்கீல் கவலைப்பட்டார். "உடம்பு நல்லா இருக்கிறவன் வேலையில்லைன்னு சொல்லித் தப்ப முடியாதும்மா. வேலைக்குப் போடான்னு கோர்ட்டே சொல்லும். ஆனா உடம்புக்கு முடியாதவன்னா இரக்கம் வந்துரும். அதைத்தான் பிடிச்சிருக்காங்க. அவன் உழைக்கிறான்னு சாட்சி சொல்ல யாராவது இருக்காங்களா?"

யார் இருக்கிறார்கள்? தேவாரத்தில் வீரலட்சுமியைப் பகைத்துக்கொண்டு கோர்ட்டுப்படி ஏற ஒரு ஆள் கிடையாது.

வழக்கு நாள் வந்தது. குருவம்மாளும் பொன்னுமணியும் கூட வந்தார்கள். பிள்ளை வர வேண்டாம் என்று வேலுத்தாய் சொல்லிப் பார்த்தாள். "என் வழக்குத்தானம்மா? நான் வராம?" என்றது அது. கோர்ட்டுக் கூடத்தின் கடைசி பெஞ்சில் இந்த மூன்று பேர். எதிர்ப் பக்கத்தில் காசிமாயனும், காதில் தண்டட்டி ஆட வீரலட்சுமியும்.

உக்கிரபாண்டி கூண்டில் ஏறும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

"என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"சோலியே இல்லைங்கய்யா. முதுகு போச்சு. குனிஞ்சா நிமிர முடியலை."

"நிலம்?"

"எல்லாம் அக்கா பேர்லங்க."

"அக்கா தோட்டத்தில் ஏதாவது செய்வியா?"

"ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுறதில்லைங்கய்யா. அக்கா போடுற சோத்தைத் தின்னுட்டு மூலையில கெடக்கேன்."

கடைசி பெஞ்சில் பொன்னுமணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் தன் தகப்பன் குரலை அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்துக் காசிமாயனை ஏற்றினார்கள். ஊர் வழக்கப்படி குற்றம் பெண்ணின் மேல்தான், அதனால்தான் துரும்பு கொடுத்தோம் என்று சொல்ல வைக்க உக்கிரபாண்டியின் வக்கீல் நினைத்திருந்தார். அவருக்குப் பாவம், அந்தப் பெரியவரைத் தெரியாது.

"என்ன குற்றம்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஒரு சொல் சொல்லிப்புட்டாங்கய்யா."

"என்ன சொல்?"

காசிமாயன் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அது சபையில சொல்லக்கூடாத சொல்லுங்கய்யா."

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார். "அவ்வளவு அசிங்கமா?" என்று மாஜிஸ்திரேட் தயங்கினார். "சரி, என் பக்கத்தில் வந்து காதில் சொல்லுங்க."

"என் வாயால சொல்ல மாட்டேங்க. உழைக்கிற ஆம்பளையப் பாத்து அந்தச் சொல்லைச் சொல்றது பாவம். சொன்னவளே சொல்லட்டும்."

எல்லாக் கண்ணும் வேலுத்தாய் மேல் திரும்பின. அவள் எழுந்தாள். அந்தச் சொல்லை இனி ஜென்மத்துக்கும் சொல்வதில்லை என்று ராசிங்காபுரத்துக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகளின் கை மறு பக்கம். அந்தச் சின்னக் கை அவளை இழுத்து உட்கார வைக்கவில்லை. முன்னால் தள்ளிவிட்டது.

"தண்டச்சோறுன்னு சொன்னேங்க" என்றாள் வேலுத்தாய்.

கூடம் கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட்டுக்கும் உதடு துடித்தது. "இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா பிரிச்சு வெச்சீங்க?"

"இதுக்குத்தாங்க" என்றார் காசிமாயன், சிரிக்காமல்.

வேலுத்தாய் உட்காரவில்லை. அடைத்துக்கிடந்த வாய், மதகு திறந்த மாதிரி திறந்துகொண்டது.

"அய்யா, அன்னைக்கு ஊரே கூடி, உழைக்கிறவனை இப்படிச் சொல்லிட்டியேன்னு எனக்குத் துரும்பு குடுத்தாக. நானும் என் மேல குத்தம்னு வாங்கிக்கிட்டேன். இன்னைக்கு அவரே சாமி சத்தியமா கூண்டுல நின்னு சொல்றாரு, ஒரு துரும்பை எடுத்துப் போடுறதில்லை, அக்கா போடுற சோத்தைத் தின்னுட்டுக் கெடக்கேன்னு. அந்தச் சோத்துக்குப் பேரு என்னங்கய்யா? அன்னைக்கு நான் சொன்னது பொய்னா இவரு இன்னைக்குச் சொல்றது பொய். இவரு சொல்றது மெய்னா நான் சொன்னதும் மெய். எது மெய்யின்னு பெரியய்யாவே சொல்லட்டும். அவரு தின்னுறது தண்டச்சோறுதான்னு இந்தச் சபையில பெரியய்யா ஒத்துக்கிட்டா, நான் ஒண்ணும் கேக்கலை. பிள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பவே மலைக்குப் போயிடுறேன்."

காசிமாயன் கக்கத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வெடித்தது.

"யாருடி தண்டச்சோறு? என் தம்பியா?"

வீரலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். தண்டட்டி இரண்டும் தோளில் மோதின. டவாலிச் சேவகர் "உட்காரும்மா" என்றதெல்லாம் அவள் காதில் விழவில்லை.

"விடியக்கருக்கல்ல எந்திரிச்சு வாழைக்குத் தண்ணி பாச்சுறது யாரு? போன மாசம் ஆனை எறங்கி வந்தப்ப ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. தீப்பந்தத்தைத் தூக்கிக்கிட்டு ஓடைக்கரை தாண்டி வெரட்டுனது யாரு? எல்லாம் இந்தக் கையி. நாலாளு சோலியை ஒத்தையில பாக்குறவன்யா என் தம்பி. முந்தாநேத்து வெங்காய மூட்டை அம்புட்டையும் வெரசா லாரியில ஏத்துனது யாரு? கூலிக்காரன்கூட அப்படித் தூக்க மாட்டான். அவனைப் போயி..."

"மூட்டையை எப்படித் தூக்கினான்?" என்று மாஜிஸ்திரேட் மெதுவாகக் கேட்டார்.

"முதுகுலதாங்கய்யா."

"எந்த முதுகில்?"

வீரலட்சுமி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள். நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அந்த நுணல் கெட்டது தம்பி மேல் வைத்த பாசத்தால் அல்லவா? சிரித்தவர்களிலும் இரண்டு பேர் அதை நினைத்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மாஜிஸ்திரேட் கூண்டைப் பார்த்தார். "உக்கிரபாண்டி, உங்க அக்கா சொன்னது பொய்யா?"

பொய் என்று சொன்னால் வழக்கு பிழைக்கும். வளர்த்த அக்கா சபையில் பொய்க்காரி ஆவாள். தானும் தண்டச்சோறு ஆவான். அவனுடைய வக்கீல் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். உக்கிரபாண்டி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவன் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, கடைசி பெஞ்சில், தன்னுடைய மூக்கையும் தன்னுடைய கண்ணையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையிடம் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ முறை பார்க்காமல் போன முகம். அந்தப் பிள்ளை கண் சிமிட்டாமல் காத்துக்கொண்டிருந்தது. தன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று இன்றைக்கு அதற்குத் தெரிந்துவிடும்.

அவன் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். நிமிர்ந்து நின்றான்.

"பொய் இல்லைங்கய்யா. அக்கா சொன்னது நிசம்" என்றான். "நான் உழைக்கிறவந்தான்."

பொன்னுமணி அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கோர்ட்டுக்கு வந்ததிலிருந்து அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

உழைக்க முடிந்த தகப்பன், உழைப்புக்குக் கூலி வாங்காமல் விட்டால் அது அவன் இஷ்டம், அதற்காகப் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்று மாஜிஸ்திரேட் எழுதினார். மாதாமாதம் பிள்ளைக்கு இவ்வளவு என்று தீர்ப்பாயிற்று. வெளியே மரத்தடியில் காசிமாயன் பொன்னுமணியைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். அங்கே நின்றிருந்த உக்கிரபாண்டிக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் துரும்பு கிள்ளுனது ஆத்தாளுக்கும் அய்யனுக்கும்தான். பிள்ளைக்கு ஏது துரும்பு?"

வீரலட்சுமி மட்டும் ஒருவரோடும் பேசாமல் பஸ்சில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலோரம் குருவம்மாள் போய் நின்றாள். "மதினி, அந்த ஆனைக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க, நல்லா இருந்துச்சு" என்றாள். வீரலட்சுமி முறைத்த முறைப்பில் பஸ்சே கிளம்பிவிட்டது.

அந்த வாரமே உக்கிரபாண்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்த முதலாளியிடமே போய் நின்றான். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவர் சாவியை எடுத்து நீட்டினார்.

பொன்னுமணி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். மாதத்தின் முதல் வாரத்தில் தெருமுனையில் ஜீப்பு வந்து நிற்கும். ஆரன் அடிக்கும். பிள்ளை ஓடும். முதல் சில மாதங்கள் அவன் கையை மட்டும் வெளியே நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் "நல்லாப் படிக்கிறியா ஆத்தா?" என்று கேட்டான். அப்புறம், என்ன படிக்கிறாய் என்று கேட்டான். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டான். இந்த ஒவ்வொன்றையும் வேலுத்தாய் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலையிலும் மழை திரும்பியது. செடி தளிர்த்தது, காய் இறங்கியது, கோடவுனில் பழையபடி வேலை வந்தது. வேலுத்தாய் இப்போது பேசினாள். பேசினாள் என்றால் சாதாரணப் பேச்சா? காய் அளப்பதில் மேஸ்திரி கள்ளம் பண்ணினால் நேருக்கு நேர் கேட்டாள். புருஷன் கைவிட்ட பெண்கள் யாராவது முறத்தின் மேல் கண்ணீர் விட்டால், அன்றைக்கே உத்தமபாளையத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். "உன்னைப் போயி ஊமைச்சின்னு சொன்னேனே, என் வாயில போட" என்று குருவம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பொன்னுமணி ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஆனி மாதம், சாரலாக ஆரம்பித்த மழை சண்டமாருதமாகப் பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே பாறை சரிந்து ரோடு அடைத்துவிட்டது. மலைக்குப் போக முடியாமல் திரும்பிய ஜீப்பு தெருமுனையில் வந்து நின்றது. அன்றைக்கு முதல் வாரமும் இல்லை. ஆரனும் அடிக்கவில்லை. உக்கிரபாண்டி இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்து, எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றான்.

பொன்னுமணி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். "அய்யா, வாங்க. சாப்பிட்டுப் போங்க."

அவன் தலையை ஆட்டினான். "வேணாம் ஆத்தா. உங்கம்மா கையால நான் சோறு தண்ணி புழங்கக்கூடாது. ஊர் வழக்கம்."

"இன்னைக்கு அம்மாவுக்கு மேலுக்கு முடியலைனு நான்தான் உலை வெச்சேன். எனக்குத்தான் துரும்பு இல்லையே?" என்றாள் அந்த வாய்க்காரி.

அவனால் மறுக்க முடியவில்லை. நடையில் உட்கார்ந்தான். தட்டு வந்தது. சுடுசோறு, பருப்பு. முதல் உருண்டையை எடுத்தவன் அப்படியே நிறுத்தினான். மழைத்தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தான்.

உள்ளே கதவுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்துக்கொண்டு வேலுத்தாய் நின்றிருந்தாள். அவன் பக்கம் வரவில்லை, அவனோடு பேசவுமில்லை. வழக்கம் வழக்கம்தான். ஆனால் மகளிடம் பேச எந்தத் துரும்பும் தடுக்கவில்லையே. வெளியே கேட்கும்படியாகவே சொன்னாள்.

"பொன்னுமணி, வெறுஞ்சோத்தை வெச்சுட்டியா? அடுப்போரத்துச் சட்டியில கருவாடு சுட்டு வெச்சிருக்கேன். கொண்டா, உங்கய்யாவுக்கு வை."